இரண்டு டியூட்டிக்கு நடுவே

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவு, இரவு 7 மணிக்கு மேல் காலை 6 மணி வரை பெண்களை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. அரை நூற்றாண்டு அது அப்படியே கிடந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. பெண் இரவில் வேலை பார்க்கலாம். ஆனால் முதலாளி இன்னின்ன ஏற்பாடுகளைச் செய்து கொடுக்க வேண்டும் என்று நிபந்தனைகளும் விதித்தது.

அந்த நீதிமன்றத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் சென்னை அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. அங்கே செவிலியர் பயிற்சி தொடங்கியது 1871-ல். ஆலையில் பெண்ணுக்கு இரவு வேலை ஆகுமா ஆகாதா என்று சட்டம் யோசித்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் அந்த வார்டுகளில் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் பெண்கள்தான். யாருக்கும் அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. சேவை என்றோம், தியாகம் என்றோம், செவிலியர் தினம் என்று மே 12-ஆம் தேதி ரோஜாப்பூ கொடுத்தோம். வேலை என்று சொல்லியிருந்தால் நேரம் கேட்டிருப்பார்கள்.

என் பெரியம்மா அறுபதுகளின் கடைசியில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து நர்ஸிங் படிக்கச் சென்னைக்கு வந்தவர். பிறகு பல ஊர் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, ஹெட் நர்ஸாக ஓய்வு பெற்றார். அவர் சொல்லும் டியூட்டிக் கணக்கு இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. காலை 7 மணிக்கு வார்டுக்குள் போனால் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு வெளியே வரலாம். மறுபடி 4 மணிக்குப் போய் 8 மணி வரை நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற மூன்றரை மணி நேரத்துக்கு ஓய்வு என்று பெயர். இதற்கு ‘ஸ்ப்ளிட் டியூட்டி’ என்பார்கள். வெள்ளைக்காரர்கள் காலத்து ஏற்பாடு. நோயாளிக்கு வேலை அதிகம் இருப்பது காலையிலும் மாலையிலும்தான். நடுப்பகலில் சம்பளத்துக்கு ஆள் நிற்பானேன் என்ற கணக்கு.

கணக்குப்படி பார்த்தால் ஒன்பது மணி நேர வேலைதான். ஆனால் அந்த ஒன்பது மணி நேரம் காலை ஆறரையிலிருந்து இரவு எட்டரை வரை ஒரு நாளையே விழுங்கிவிடும். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குத்தான் அது சாத்தியம். அதனால் ஹாஸ்டல் கட்டாயம். மெஸ் சாப்பாடு, துணி வெளுக்க டோபி, வெளியே போக மேட்ரனின் அனுமதிச் சீட்டு, குறிப்பிட்ட நேரத்துக்குள் திரும்பாவிட்டால் விசாரணை. கஞ்சி போட்ட தொப்பி வளைந்திருந்தால் அதற்கும் ஒரு விசாரணை.

நைட் டியூட்டி வந்தால் விட்டு விட்டு வராது. தொடர்ச்சியாக நாள் கணக்கில் ஓடும். அந்த ராத்திரிகளில் என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “கொதிக்க வைக்கிறதுதான் வேலை” என்றார். கண்ணாடி சிரிஞ்சுகளைக் கழுவி, ஊசியின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பஞ்சில் இழுத்துப் பார்த்து, ஸ்டெரிலைசரில் போட்டு, நேரம் பார்த்து, இடுக்கியால் எடுத்து ட்ரேயில் அடுக்க வேண்டும். பஞ்சை உருட்டி ஸ்வாப் செய்ய வேண்டும். காஸ் துணியை அளவாக வெட்டி மடிக்க வேண்டும். ஒரு வார்டுக்கு ஒரு நர்ஸ், துணைக்கு ஓர் ஆயா. நோயாளிகள் தூங்குவார்கள். ட்ரிப் ஏறுகிறவர்கள் ஒரு சிலர் இருப்பார்கள். துளியை எண்ணிச் சரிபார்த்துவிட்டு வந்தால் மறுபடி கத்தரிக்கோலும் காஸ் துணியும்.

1986-ல் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த வருடங்களில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் ஊசிகள் மெல்ல மெல்ல வார்டுகளுக்குள் நுழைந்தன. கொதிக்க வைக்கிற வேலை போயிற்று. அந்த நேரம் நர்ஸுக்குத் திரும்பி வந்ததா என்றால் இல்லை. வேறு வேலைகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டன.

பெரியம்மாவுக்குக் கல்யாணம் முப்பது வயதுக்கு மேல்தான் ஆயிற்று. அவருடைய தோழிகள் பலருக்கு ஆகவே இல்லை. ஆனவர்கள் பிள்ளைகளை ஊரில் ஆச்சியிடம் விட்டு வளர்த்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போனால், பிள்ளை யாரோ வந்திருக்கிறார்கள் என்று கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். “எங்களுக்கு வீட்டையும் வேலையையும் சரிக்கட்டுறதுன்னு ஒண்ணு கிடையாது மக்ளே. வீடே ஆஸ்பத்திரிதானே” என்று சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இருந்ததா பெருமை இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம்.

இந்த நிலைமை அரசுக்குத் தெரியாமல் இல்லை. 1946-ல் வந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான குழுவின் அறிக்கை, பிரியாத இந்தியா முழுமைக்கும் சேர்த்து ஏறத்தாழ 7,000 நர்ஸுகள்தான் இருக்கிறார்கள், 43,000 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. அவர்கள் வேலை செய்யும் சூழ்நிலை மோசம் என்றும் எழுதியது. பிறகு நாற்பது வருடம் கழித்து, 1987-ல், மத்திய அரசு செவிலியர் தொழிலை ஆராய ஓர் உயர்மட்டக் குழு போட்டது. தலைவர் சரோஜினி வரதப்பன், நம் முன்னாள் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் மகள். 1989-ல் வந்த அந்த அறிக்கையின் பரிந்துரைகளை இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் நேற்று எழுதியதுபோல் இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேர வேலை. எல்லா மாநிலங்களிலும் ஸ்ப்ளிட் டியூட்டியை ஒழித்து, ஒரே மூச்சில் முடிகிற நேர்முறை ஷிப்ட். கூடுதல் நேரத்துக்கு விடுப்போ பணமோ. வாரம் ஒரு நாள் ஓய்வு. மருத்துவமனையிலேயே குழந்தைகள் காப்பகம். அகால நேரத்தில் வந்துபோக வண்டி. உடைந்த பொருளுக்கு நர்ஸின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்றுகூட எழுதியிருந்தார்கள். பெரியம்மா ஒரு தெர்மாமீட்டருக்குக் காசு கட்டியிருக்கிறார்.

இவற்றில் ஒன்று நடந்தது. ஸ்ப்ளிட் டியூட்டி ஒழிந்து நேர் ஷிப்ட் வந்தது. பல அரசு மருத்துவமனைகளில் காலை ஆறு மணி நேரம், மதியம் ஆறு மணி நேரம், இரவு பன்னிரண்டு என்று நாள் மூன்றாகப் பிரிந்தது. அது சாதாரண மாற்றம் இல்லை. நர்ஸுகள் ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து வாடகைக்கு வீடு பிடித்தது, இருபத்தைந்து வயதில் கல்யாணம் செய்துகொண்டது, பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டது எல்லாம் அதற்குப் பிறகுதான் இவ்வளவு பரவலாயிற்று. ஆனால் காப்பகமும் வண்டியும் அறிக்கையோடு நின்றுவிட்டன. மருத்துவமனைக்குள் இருந்த வாழ்க்கையை வெளியே அனுப்பினோம். அது போகவர வழி செய்யவில்லை.

இப்போது அண்ணன் மகளின் கதைக்கு வருகிறேன். பி.எஸ்சி. நர்ஸிங் முடித்து, சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். கல்யாணமாகி மூன்று வயதில் ஒரு மகன். ஷிப்ட் காலை 8 முதல் இரவு 8, அல்லது இரவு 8 முதல் காலை 8. தனியார் துறையில் பெருவாரியான இடங்களில் இதுதான் நடைமுறை. மூன்று ஷிப்டுக்கு மூன்று செட் ஆள் வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் என்றால் இரண்டு செட் போதும். நிர்வாகத்துக்கு இதைவிட எளிய கணக்கு ஏது.

ஐ.சி.யூ. இரவில் யாரும் காஸ் வெட்டுவதில்லை. மணிக்கொருமுறை பி.பி., நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு, சிறுநீர் அளவு எல்லாவற்றையும் சார்ட்டில் ஏற்ற வேண்டும். சிரிஞ்ச் பம்ப் நிமிடத்துக்கொருமுறை கத்தும். எது உண்மையான அலாரம், எது ஒயர் நழுவியதால் வந்த அலாரம் என்று ஓடிப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தரச்சான்று ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் நோயாளியைவிடக் கோப்புக்குக் கவனிப்பு அதிகமாகிவிடும். எழுதாதது எதுவும் செய்ததாகக் கணக்கில் வராது என்பது அங்கே வேதவாக்கு. பெரியம்மா செய்த வேலையில் கை வலித்தது. இவள் செய்கிற வேலையில் கை ஓய்ந்தாலும் காது ஓயாது.

8 மணிக்கு ரிலீவர் வந்துவிட்டால் கிளம்பிவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது. ‘ஓவர்’ கொடுக்க வேண்டும். ஒவ்வொரு படுக்கையாக நின்று, எந்த மருந்து எந்த வேகத்தில் ஓடுகிறது, எந்த ரிசல்ட் வர வேண்டியிருக்கிறது, யாருடைய உறவினர் என்ன கேட்டார், நார்காட்டிக் மருந்துப் பெட்டியில் எத்தனை ஆம்பூல் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட முக்கால் மணி நேரம். இந்த முக்கால் மணி நேரம் டியூட்டி லிஸ்ட்டில் எங்கேயும் கிடையாது. வருபவளும் அரை மணி முன்னால் வந்தால்தான் எட்டுக்குக் கை மாறும். அதற்கும் கணக்குக் கிடையாது.

ஆக எட்டேமுக்காலுக்கு வெளியே வருகிறாள். பெண்களுக்கு டவுன் பஸ் 2021 மே மாதத்திலிருந்து இலவசம்; உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் அந்த நேரத்தில் பஸ் வர வேண்டுமே. புறநகரில் இருக்கிற வீட்டுக்குப் போய்ச் சேரப் பத்தேகால். மறுநாளும் காலை டியூட்டி என்றால் 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். இடையில் இருப்பது ஏழேமுக்கால் மணி நேரம். அதற்குள் குளியல், சாப்பாடு, யூனிஃபார்மை அலசிக் காயப் போடுவது, நாலரைக்கு எழுந்து மகனுக்கும் சேர்த்துச் சமையல். தூக்கம் ஐந்து மணி நேரம் தேறினால் அதிகம். மகன் அம்மாவைப் பார்ப்பது பெரும்பாலும் அவள் தூங்கும்போது, இவள் மகனைப் பார்ப்பதும் அப்படியே.

நைட் முடிந்து வருகிற நாளின் கதை இன்னும் மோசம். காலை பத்து, பத்தேகாலுக்கு வீடு திரும்புகிறாள். லிஸ்ட்டில் அந்த நாளுக்கு நேரே ‘ஆஃப்’ என்று போட்டிருக்கும். அதாவது இரவெல்லாம் விழித்துவிட்டு வந்து தூங்குகிற நாளை விடுமுறை நாளாகக் கணக்கு வைக்கிறார்கள்! அந்தத் தூக்கமும் தூக்கமா? கீழ் வீட்டில் குக்கர் விசில், காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி, ஆன்லைனில் வாங்கியதைக் கொண்டு வருகிறவரின் காலிங் பெல், “பகல்ல என்ன தூக்கம்” என்று வாசலில் நின்று மாமியாரிடம் விசாரிக்கிற பக்கத்து வீட்டம்மா. எல்லாவற்றுக்கும் மேலே வாட்ஸ்அப் குழு. “நாளைக்கு ஒரு ஸ்டாஃப் லீவு. யார் வர முடியும்?” என்று கேள்விதான் வரும். கேள்வி வடிவில் வருகிற உத்தரவு அது. பெரியம்மா காலத்து மேட்ரன் ஹாஸ்டல் வாசலோடு நின்றுவிடுவார். இந்தக் காலத்து மேட்ரன் தலையணைக்குப் பக்கத்தில் அதிர்ந்துகொண்டிருக்கிறார்.

இவர்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் டியூட்டி எத்தனை மணி நேரம் என்பதைப் பற்றியே பேசியிருக்கிறோம். ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மனிதர் வாழ்வது அந்த இடைவெளியில்தான். பெரியம்மாவுக்கு அந்த இடைவெளியைத் துண்டு துண்டாக வெட்டி ஹாஸ்டலுக்குள் வைத்துப் பூட்டினார்கள். இவளுக்கு அதை ஒரே துண்டாகக் கொடுத்துவிட்டு, ஓவர், பஸ், எழுத்து வேலை, செல்போன் என்று நாலு பக்கமும் அரித்துவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-லேயே செவிலியருக்கென்று தனி உடன்படிக்கையும் பரிந்துரையும் கொண்டுவந்தது. வழக்கமான நாள் வேலை எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கூடுதல் வேலையோடு சேர்த்தாலும் பன்னிரண்டைத் தாண்டக் கூடாது. ஒரு பணிக்கும் அடுத்த பணிக்கும் நடுவே குறைந்தது பன்னிரண்டு மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லை. அது வெளிநாட்டுக் கதை என்று தள்ளுபவர்களுக்காக முதலில் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கே வருகிறேன். ஆலைப் பெண்களுக்காக அது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, பகல் ஷிப்டிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது நடுவே பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி. இன்னொன்று, வந்துபோக வண்டி. பஞ்சாலைப் பெண்ணுக்கு நியாயம் என்று பட்டது மருத்துவமனைப் பெண்ணுக்கு ஏன் படவில்லை?

வெறும் அசதி என்று இதை ஒதுக்க முடியாது. உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பதும் அது எந்த மரபணுக்களால் ஓடுகிறது என்பதும் இன்று தெளிவாகத் தெரியும். 2017-ன் மருத்துவ நோபல் பரிசு அதைக் கண்டுபிடித்த மூவருக்குத்தான் போயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இரவு ஷிப்ட் வேலையை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை’ என்ற பட்டியலில் 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதே இடத்தில் வைத்தது. அதற்கு ஆதாரமாக இருந்த ஆய்வுகளில் முக்கியமானவை, நர்ஸுகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து நடத்தியவை. எல்லோருடைய நோயையும் எழுதிவைப்பவர்களின் நோயை யாரோ வெளியூரில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

டாக்டர்கள் பக்கம் போனால் அங்கே இடைவெளி என்ற பேச்சே கிடையாது. ஹவுஸ் சர்ஜனும் பி.ஜி. மாணவரும் அட்மிஷன் நாளன்று காலையில் உள்ளே போனால், அன்று இரவு முழுவதும் இருந்து, மறுநாள் ரவுண்ட்ஸும் ஓ.பி.யும் முடித்து மாலையில் வெளியே வருவார்கள். 36 மணி நேரம் என்று அவர்கள் சாதாரணமாகச் சொல்லும்போது நமக்குத்தான் திடுக்கென்றிருக்கும். 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம், தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரத்துக்குச் சாதாரணமாக 48 மணி நேரம் என்று உத்தரவு போட்டது. கூடவே ‘வேலையின் அவசரத்தைப் பொறுத்து’ என்று ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே முப்பது வருடம் ஓடிவிட்டது. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் முதுநிலைப் படிப்புக்குப் புது விதிமுறை எழுதியபோது, ‘நியாயமான’ வேலை நேரம், ‘நியாயமான’ ஓய்வு என்றது. எண் எதுவும் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில், நீண்ட டியூட்டிக்கு நடுவே படுக்க இடமில்லாமல் கருத்தரங்கு அறையில் கண்ணயர்ந்த ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டார். அதே மாதம் ஆணையத்தின் மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, ஒரு நாள் ஓய்வு வேண்டும், ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1992-ல் 48 என்றவர்கள் 2024-ல் 74 என்கிறார்கள். முன்னேற்றம் என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நடப்பதை ஒப்புக்கொண்டார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

“நாங்க பார்க்காத டியூட்டியா?” என்று மூத்த பேராசிரியர்கள் கேட்பார்கள். பார்த்தார்கள்தான். ஆனால் அவர்கள் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்தில் நள்ளிரவுக்கு மேல் வார்டு கொஞ்சமாவது அடங்கும். வெண்டிலேட்டரில் ஓர் இரவுக்கு இத்தனை பேர் இல்லை, சி.டி. ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடவில்லை, விபத்து நடந்த அரை மணி நேரத்தில் ஆளைக் கொண்டுவந்து இறக்க 108 ஆம்புலன்ஸ் இல்லை. தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-ல். அதற்கு முன் வழியிலேயே இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று இரவு இரண்டு மணிக்கு உயிரோடு வந்து சேர்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் முந்தின நாள் காலையிலிருந்து நிற்கிற ஒரு பிள்ளையின் கையில்தான் அந்த உயிர் வந்து சேர்கிறது. அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வருபவரும், பின்னால் உட்கார்ந்து வருகிற மருத்துவ உதவியாளரும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் இருக்கிறார்கள். எட்டு மணி நேரம் கேட்டுப் பலமுறை போராடியிருக்கிறார்கள். நியூயார்க்கில் 1984-ல் 18 வயதுப் பெண் ஒருத்தி மருத்துவமனையில் இறந்தபோது, களைத்துப்போன பயிற்சி மருத்துவர்களிடம் அவளை விட்டார்கள் என்று அவளுடைய தந்தை விடாமல் போராடினார். ஐந்து வருடத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று அந்த மாநிலம் விதியே கொண்டுவந்தது. அங்கேயும் நோயாளி செத்த பிறகுதான் டாக்டரின் தூக்கம் கணக்கில் வந்தது.

எல்லாமே கெட்டுவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. ஷிப்ட் முறை ஒழுங்காக வந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஆரம்ப சுகாதார நிலையங்களே சாட்சி. முன்பெல்லாம் சாயங்காலத்துக்கு மேல் பி.எச்.சி. பூட்டியிருக்கும். ராத்திரி பிரசவ வலி என்றால் துணை சுகாதார நிலையத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிற கிராமச் செவிலியரின் கதவைத்தான் தட்ட வேண்டும். ஐயாயிரம் பேருக்கு அவர் ஒருவர். காய்ச்சலில் கிடந்தாலும், சொந்தப் பிள்ளைக்குப் பரீட்சை என்றாலும் போயாக வேண்டும். ஒவ்வொரு பி.எச்.சி.க்கும் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் போட்டு, ஷிப்ட் பிரித்து, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்த பிறகு கதை மாறியது. கர்ப்பிணிகள் நம்பி வந்தார்கள். கிராமச் செவிலியரின் ராத்திரியும் ஓரளவு மீண்டது. மூன்று பேர் இருந்தால் மூவருக்கும் வீடு உண்டு என்பது எவ்வளவு எளிய உண்மை.

பிறகு பிக்மி வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணியின் விவரத்தையும் கணினியில் ஏற்றுகிற மென்பொருள். தேவையானதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பகலெல்லாம் வீடு வீடாக நடந்துவிட்டு வருகிற அந்த அம்மா, சர்வர் காலியாக இருக்கிற ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து பதிவேற்றுகிறார். கதவைத் தட்டுகிற சத்தம் நின்றது, நோட்டிஃபிகேஷன் சத்தம் தொடங்கியது.

2020-ஐ உலகச் சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தது. நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம். அந்த வருடம்தான் கொரோனா வந்தது. கவச உடையைப் போட்டால் கழற்றுகிற வரை தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. மாதவிடாய் நாட்களில் அந்த உடைக்குள் என்ன நிலைமை என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. விந்தை என்னவென்றால், நர்ஸின் இடைவெளியை அரசு முதன்முதலாக எண்ணிப் பார்த்தது அப்போதுதான். இத்தனை நாள் கொரோனா வார்டு, பிறகு இத்தனை நாள் தனிமை, தங்க ஓட்டல் அறை, அழைத்துப் போக வண்டி. தொற்று பரவிவிடுமே என்ற பயத்தில் வந்த அக்கறை. பயம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. அந்த நெருக்கடியில் ஒப்பந்தத்தில் எடுத்த நர்ஸுகள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு வேலை நீட்டிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர் ஊராகப் போராட்டம் நடந்தது.

ஒப்பந்தம் என்பது இன்றைய மாற்றங்களில் பெரியது. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் எடுத்த நர்ஸுகளுக்குத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பி வந்தவர்கள், 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்தார்கள். நிரந்தர ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2021-லிருந்து ஒரு வருடம். அதே வார்டில், அதே ஷிப்டில், அதே ஊசியைப் போடுகிற ஒப்பந்த நர்ஸ் அந்த விடுப்புக்கும் போராட வேண்டியிருந்தது. நேரத்தைப் பற்றிப் பேச வேலை உறுதியாக இருக்க வேண்டும்; நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் ‘இன்று டபுள் டியூட்டி முடியாது’ என்று எப்படிச் சொல்வார்?

அண்ணன் மகள் இப்போது பிரிட்டன் போகத் தேர்வுக்குப் படிக்கிறாள். அங்கேயும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தானே என்று கேட்டேன். “ஆமா அத்தை. ஆனா என்.எச்.எஸ்.ல வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம்தான். மூணு நாள் போனா வாரமே முடிஞ்சிடும். இங்க ஆறு நாள்” என்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் பேசியது அதற்குப் பிறகுதான்.

இதற்கெல்லாம் காரணம் ஆள் பற்றாக்குறை என்பது எல்லோரும் சொல்வது. முழு உண்மை இல்லை. நர்ஸிங் படித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆளை எடுக்கத்தான் மனம் இல்லை. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் கணக்குப்படி சாதாரண மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர், விடுப்பை ஈடுகட்ட மேற்கொண்டு 30 சதவீதம். 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, தனியார் நர்ஸுகளுக்கு விடுப்பும் வேலை நேரமும் வண்டி வசதியும் அரசு நர்ஸுக்கு இணையாக வேண்டும் என்றது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அண்ணன் மகளின் வார்டில் இந்தக் குழுவின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் ஒருவரும் இல்லை.

என்னுடைய யோசனை சின்னது. டியூட்டி லிஸ்ட்டில் பெயர், தேதி, ஷிப்ட் என்று கட்டங்கள் இருக்கின்றன. இன்னொரு கட்டம் போடலாம்: போன டியூட்டியில் ஓவர் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து இந்த டியூட்டி தொடங்குகிற நேரம் வரை எத்தனை மணி நேரம். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் சிவப்பு மையில் எழுத வேண்டும். காசு செலவில்லை, சட்டம் தேவையில்லை. இதை எனக்குத் தெரிந்த ஒரு ஹெட் நர்ஸிடம் சொன்னேன். பதினைந்து வருடமாக டியூட்டி லிஸ்ட் போடுகிறவர். யாருக்கு எப்போது பிள்ளைக்குக் காதுகுத்து, யார் மாமனாருக்கு டயாலிசிஸ் நாள் எது என்பதெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, இருக்கிற ஆட்களை வைத்து மாதா மாதம் சமாளிக்கிறவர். ஒரு பழைய லிஸ்ட்டை எடுத்துப் பேனாவால் குறித்துப் பார்த்தார். பாதிக்கு மேல் பத்து, பத்தரை, பதினொன்று என்றே வந்தது.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் போட்டா இந்த வார்டுக்கு இன்னும் நாலு ஸ்டாஃப் வேணும்னு நான் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதே இல்லை, பார்க்கிறவங்களுக்கே தெரிஞ்சிடும்” என்றார். “அதனாலயே போட விடமாட்டாங்க, மேடம்.”